போஸ்ட்மேன் அக்காவும் சட்டை காயப்போட்டவனும்

திருச்சியில் அந்தக் காலத்தில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் லட்சம் பேராவது இருந்திருப்பார்கள். கொக்கு பார்க்கத் தெரிந்தவர்களும் நாலைந்து பேர் இருந்திருக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து, வாழைத்தோட்டத்து வாய்க்காலில் சைக்கிளோடு விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே "ஷ்ஷ், அசையாதே, பறந்துடும்" என்று சொல்லத் தெரிந்தவள் ஒரே ஒருத்திதான். போஸ்ட்மேன் அக்கா.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவள் போஸ்ட்மேனும் இல்லை, தபால் ஆபீசுக்குள் ஸ்டாம்பு வாங்கத் தவிர வேறு எதற்கும் போனவளும் இல்லை. ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம், சளி முதலியவற்றைப் பரிசோதிக்கும் லாப் டெக்னீஷியன். பணி ஓய்வு பெற்ற ஒரு போஸ்ட்மேனிடமிருந்து அவருடைய சிவப்பு சைக்கிளை வாங்கியிருந்தாள். அவ்வளவுதான். "லேடீஸ் சைக்கிள் எதுக்கு? ஆத்து மணல்ல அது ரெண்டடி போறதுக்குள்ள மயக்கம் போட்டுடும்" என்பது அவள் கட்சி.

ஆண்கள் சைக்கிளில், குறுக்குக் கம்பிக்கு மேலே, புடவையோடு அவள் எப்படி ஏறினாள் என்று கேட்பீர்கள். புடவையை முழங்காலுக்குக் கீழே ஒரு சுருட்டு சுருட்டி இடுப்பில் செருகி, அதன் மேல் ஒரு ஆண்பிள்ளை முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஏதாவது ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, அங்கிருந்து சைக்கிளுக்குத் தாவுவாள். இறங்குவதற்கு அவளிடம் எந்த வழியும் இல்லை. சுவரைத் தேடுவாள். சுவர் கிடைக்காத இடத்தில் விழுவாள்.

அந்தச் சிவப்பு சைக்கிள் செய்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் சிவப்பு சைக்கிள் மணியடித்துக்கொண்டு தெருவில் நுழைந்தால் மனுஷ மனம் கேட்பதில்லை. பாலக்கரையில் தொடங்கி ஸ்ரீரங்கம் வரை வாசல் வாசலாக ஆட்கள் எழுந்து நிற்பார்கள். "நமக்கு ஏதாச்சும் இருக்குங்களா?" அக்கா யாரிடமும் உண்மையைச் சொல்லி நான் கேட்டதில்லை. "இன்னைக்கு இல்லீங்க. நாளைக்குப் பாருங்க" என்று ஓட்டத்திலேயே சொல்லிவிட்டுப் போய்விடுவாள். மேலூர் போகும் வழியில் ஓர் ஐயங்கார் பெரியவர் இருந்தார். வாரம் தவறாமல் வாசல் கேட்டுக்கு வந்து நிற்பார். "ஸ்த்ரீகளெல்லாம் போஸ்ட்மேன் ஆயிட்டா. எல்லாம் ரங்கநாதன் சித்தம். நமக்கு ஏதாவது கடுதாசி உண்டோ?" என்பார். இல்லை என்றால், தபால் இலாகாவையே மன்னித்தவர் மாதிரி தலையாட்டிவிட்டு உள்ளே போவார்.

எழுபதுகளின் நடுவில், தில்லைநகரில் ஒரு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. தங்குவதற்குப் பாலக்கரைப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. அறைத் தோழியாக அக்கா கிடைத்தாள். முதலிரண்டும் நான் கேட்டு வாங்கியவை. மூன்றாவது விதி.

வந்த அன்று குளிக்கப் போனேன். வாளியில் கை விட்டால் தண்ணீருக்குள் ஒரு கல். கல் என் விரலை முகர்ந்து பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். அக்கா மட்டும் கட்டிலை விட்டு நகரவே இல்லை.

"ஆமைதான். கால்ல அடிபட்டிருக்கு. ரெண்டு நாள்ல ஆத்துல விட்டுருவேன். நீ குளிக்கறப்ப கொஞ்சம் தள்ளி நின்னு குளி. அதுக்கு சோப்பு ஆகாது."

"எனக்கு ஆமை ஆகாதுங்க்கா!"

"பழகிடும்" என்றாள். எனக்கா, ஆமைக்கா என்று சொல்லவில்லை.

அறையின் ஜன்னல் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன பாட்டில்கள். ஆஸ்பத்திரியில் எதையெதையோ பிடித்துக் கொடுக்கச் சொல்வார்களே, அதே பாட்டில்கள். புதுசுதான் என்று அவள் சத்தியம் செய்ததை இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஓர் இடத்துத் தண்ணீர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு. 'பெயர்: கொள்ளிடம். பால்: பெண். வயது: சொல்லவில்லை. புகார்: எதுவும் இல்லை.' அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் அதில் நீந்தியவற்றை விவரிப்பாள். எங்கள் ஹாஸ்டலில் ரசம் மிச்சமானதற்கு அவளும் ஒரு காரணம். முதல் காரணம் ரசம்தான்.

மூன்றாவது வாரமே என்னையும் கிளப்பிவிட்டாள். எனக்கு ஒரு வாடகை சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டு, காந்தி மார்க்கெட், சிந்தாமணி, காவிரிப் பாலம், அம்மா மண்டபம் என்று போய், ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, மேலூர் வழியாக மேற்கே மேற்கே மிதிக்க வேண்டும். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். நடுவில் வாழை, தென்னை, அதற்கப்பால் வனத்துறையின் காப்புக்காடு. காட்டின் ஓரத்தில் கொள்ளிடம் ஒதுங்கித் தேங்கி, நாணலும் கோரையுமாக ஒரு சதுப்பு. அதுதான் அக்காவின் ஊர்.

வழியில் அக்கா குறைந்தது இரண்டு முறை விழுவாள். பறவை கண்ணில் பட்டதும் கைகள் இரண்டும் தாமாகக் கைப்பிடியை விட்டுவிட்டுக் கழுத்தில் தொங்கும் பைனாகுலருக்குப் போய்விடும். அதுவும் பழைய சாமான் கடையில் வாங்கியது. ஒரு பக்கம் கண்ணாடி கிடையாது. ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, நேராகப் போய் எதிலாவது மோதுவாள். ஒருமுறை வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டி. வண்டிக்காரர் இறங்கி வந்து திட்ட வாயெடுத்தார். அக்கா வாழைத்தார்களுக்கு நடுவில் படுத்தபடியே, "அண்ணே, மேல பாருங்க. கரும்பருந்து" என்றாள். அவரும் பார்த்தார். மாடுகள் மட்டும்தான் பார்க்கவில்லை.

காட்டு வாசலில் ஒரு ஃபாரஸ்ட் கார்டு இருந்தார். காக்கிச் சட்டை, கீழே லுங்கி, கையில் கம்பு. முதல் நாள் அவர் எங்களை நிறுத்தினார்.

"உள்ள வரக் கூடாதும்மா. ரிசர்வ் ஃபாரஸ்ட்."

"யாருக்கு ரிசர்வ் பண்ணி வச்சிருக்கீங்க?" என்று அக்கா கேட்டாள்.

கார்டு யோசித்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "கவர்மெண்டுக்குங்க."

"கவர்மெண்ட் வந்துச்சா?"

"இதுவரைக்கும் வரலீங்க."

"சரி, அது வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவர் தடுத்திருக்கலாம். ஆனால் அன்று அவருக்குக் காய்ச்சல், நடுங்கிக்கொண்டிருந்தார். திரும்பும்போது அக்கா அதைக் கவனித்துவிட்டாள். பையிலிருந்து ஊசியும் ரத்தம் தடவும் கண்ணாடி ஸ்லைடும் எடுத்து, அவர் விரலில் ஒரு குத்து. மனுஷர் அலறிய அலறலில் ஒரு கூட்டம் மடையான்கள் கிளம்பிப் போயின. மறுநாள் ஆஸ்பத்திரியில் சோதித்து மலேரியா என்று கண்டுபிடித்து, வேலை முடிந்த பிறகு பத்து மைல் மிதித்துப் போய் மாத்திரை கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து கார்டுக்கு அக்காதான் கவர்மெண்ட்.

சதுப்பில் நாங்கள் என்ன செய்தோம்? உட்கார்ந்திருந்தோம். நாணலுக்குள் முழங்கால் வரை சேற்றில், தலையில் ஈரத்துண்டோடு, வாயை மூடிக்கொண்டு. முதல் மாதம் எனக்குக் கொசு மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது மாதம் தாழைக்கோழி தெரிந்தது, குஞ்சுகளை வரிசையில் ஓட்டிக்கொண்டு போகும் முக்குளிப்பான் தெரிந்தது. ஒருநாள் காலையில் இரண்டு நீர்நாய்கள் ஒரு மீனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை ஆபீசில் நாள் முழுக்க என்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர், டைப்பில் ஏதோ தப்பு வந்திருக்கிறது என்று நினைத்து எல்லாக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தார்.

பார்த்ததையெல்லாம் அக்கா ஒரு நோட்டில் எழுதுவாள். பறவைகளை 'அது' என்று எழுத அவளுக்கு வராது. அவன், அவள்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நேரடிக் காரணம் தவளைகள். அக்கா ஓர் ஊறுகாய் ஜாடியில் தலைப்பிரட்டைகள் வளர்த்தாள். இரண்டு நாள் நைட் ட்யூட்டிக்குப் போய் வருவதற்குள் அவை வயதுக்கு வந்து ஜாடியை விட்டு வெளியேறிவிட்டன. எங்கள் வார்டன் லூர்தம்மாளுக்கு ஐம்பது வயது, நல்ல ஆகிருதி, அதற்கேற்ற குரல். தினமும் மாலை செபக் கூடத்தில் செபமாலை சொல்வார். பாதி செபமாலையில் ஒரு தவளை அவருடைய செபப் புத்தகத்தின் மேல் வந்து உட்கார்ந்து, அடுத்த வரியை எதிர்பார்ப்பது போல அவரையே பார்த்தது. லூர்தம்மாள் செபத்தை முடித்துவிட்டுத்தான் கத்தினார். அது அவருடைய பக்தி. பிறகு நேராக எங்கள் அறைக்கு வந்து சோதனை போட்டார். தவளை கிடைக்கவில்லை. நோட்டு கிடைத்தது.

அன்றிரவு எங்களை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"'ஞாயிறு. இன்றும் அவன் வந்தான். தண்ணீரில் முங்கி எழுந்து கரையேறினான். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட, காய்ந்த மரத்தில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டையை விரித்துக் காயப்போட்டான். அரை மணி நேரம் கண் எடுக்காமல் பார்த்தேன். என்ன ஒரு அழகு!'"

நோட்டை மூடினார். "யாருடி அவன்?"

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. நாலு வருஷமாக இந்த ஹாஸ்டலில் ஒருவரும் கேட்காத கேள்வி. கடைசியில் ஒரு மனுஷி ஆர்வமாகக் கேட்கிறாள்!

"பாம்புத்தாராம்மா."

"தாராவா? என்ன பேரு இது? வேதக்காரனா, இந்துவா?"

"அதெல்லாம் தெரியலம்மா."

"என்ன வேலை பாக்கறான்?"

"மீன் பிடிப்பான். அவனை மாதிரி மீன் பிடிக்க அந்த ஆத்துல ஆள் கிடையாது."

"சேசுவே! குடும்பம் குட்டி இருக்கா?"

"போன வருஷம் ஒருத்தி கூட இருந்தா. இந்த வருஷம் தனியாத்தான் சுத்தறான். பாவம்."

லூர்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். நான் என் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பை அடக்க என்று அவர் நினைத்திருக்கலாம், பாதி பயம். அவர் என் பக்கம் திரும்பி, "நீயும் பாத்தியாடி?" என்றார்.

"அம்மா, அது பறவைம்மா!" என்று அலறினேன்.

"பறவை சட்டையைக் கழட்டிக் காயப்போடுமா? யாருகிட்டடி கதை விடறீங்க? வர்ற ஞாயித்துக்கிழமை நான் வரேன். அவனைக் கண்ணால காட்டுங்க. காட்டலேன்னா ரெண்டு பேரும் பெட்டியைக் கட்டுங்க. வீட்டுக்கும் லெட்டர் போடுவேன்."

இங்கே வாசகர்கள் சிரிப்பதைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் ஹாஸ்டலிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்ணுக்கு ஊரில் வேறெங்கும் இடம் கிடைக்காது. இடம் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் எனக்கு மணப்பாறையில் அப்பா மூன்று ஜாதகங்களோடு காத்திருந்தார். மூன்றையும் நான் பார்த்திருந்தேன். அதற்குச் சேற்றில் உட்கார்ந்திருப்பதே மேல். அக்காவுக்கோ முப்பத்தைந்து வயது. போக வீடே கிடையாது. அப்பா அம்மா போய், அண்ணன் வீட்டில் அண்ணி, "நாத்தனாரா, கம்பவுண்டரா?" என்று கேட்டதோடு அந்தக் கதவும் மூடியிருந்தது. ஆனால் அக்கா அந்த வாரம் முழுக்க விசில் அடித்துக்கொண்டு திரிந்தாள். "வார்டனம்மாவுக்குக் காட்டறப்ப காலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கணும்" என்பதுதான் அவள் கவலை.

ஞாயிறு வந்தது. லூர்தம்மாள் காலைப் பூசை கண்டுவிட்டு, ஒரு கூடை இட்லி, ஒரு குடை, ஒரு செபமாலையோடு புறப்பட்டார். அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. தபால் மூட்டைகளைச் சுமந்து பழகிய அக்காவின் கேரியர்தான் அவரைத் தாங்கும் என்று முடிவாயிற்று. அக்கா கோரைத்தண்டு மாதிரி இருப்பாள். காவிரிப் பாலம் ஏறும்போது சைக்கிளின் முன்சக்கரம் தரையில் இருக்கவா வேண்டாமா என்று யோசித்தது. நான் பின்னாலிருந்து தள்ளினேன். லூர்தம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று வேகத்தைக் கணக்கிட்டுக்கொண்டு வந்தார்.

மேலூர்ப் பெரியவர் வழக்கம்போல் கேட்டுக்கு வந்தார். சிவப்பு சைக்கிளைப் பார்த்தார். பின்னால் குடையோடு உட்கார்ந்திருந்த லூர்தம்மாளைப் பார்த்தார். அவர் முகம் விரிந்தது.

"இன்னிக்குப் பார்சல் வந்திருக்கோ?"

லூர்தம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் பெரியவர் தாமாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காட்டு வாசலில் கார்டு நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். "வாங்கம்மா. அவரு இன்னும் வரலீங்க."

லூர்தம்மாள் என் தோளை இறுகப் பிடித்தார். "பாத்தியா! வரலையாம்! இந்த ஆளும் கூட்டுதானா?"

"நேத்து சாயங்காலம் வந்தாருங்க" என்று கார்டு நல்ல மனசோடு மேலும் விளக்கினார். "தனியாத்தான் இருந்தாரு. துணி காய்ஞ்சதும் கெளம்பிட்டாரு."

லூர்தம்மாள் என் தோளை விட்டார். செபமாலையை எடுத்துக்கொண்டார்.

நாங்கள் நாணலுக்குள் உட்கார்ந்தோம். எட்டு மணி, ஒன்பது மணி. சாம்பல் நாரை வந்தது. நீர்க்காகங்கள் வந்தன. லூர்தம்மாள் ஒவ்வொன்றுக்கும், "இவனா?" என்றார். "இவன் இல்லம்மா." பத்து மணிக்கு இட்லியில் பாதி தீர்ந்தது. பன்னிரண்டுக்கு மீதி. வெயில் தலைக்கு மேல் வந்து, அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. காய்ந்த மரம் காலியாகவே நின்றது. மூன்று ஜாதகங்களும் என் கண் முன்னால் வந்து மூன்று நாற்காலியில் உட்கார்ந்தன. அக்காவின் விசில் எப்போதோ நின்றிருந்தது. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே இருந்தாள். முகத்தைக் காட்டாமலிருக்க அது ஒரு வழி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நாலு மணிக்கு லூர்தம்மாள் எழுந்தார். "போதும். கெளம்புங்க. நாளைக்குக் காலையில பெட்டியைக் கட்டுங்க."

"அஞ்சு நிமிஷம்மா" என்றாள் அக்கா. யாரிடமும் எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

"எதுக்கு? அப்படி என்னடி இருக்கு இந்தச் சேத்துல?"

அக்கா பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கினாள். பிறகு, "ஆறு நாளும் கெட்டதைத் தேடற வேலைம்மா எனக்கு" என்றாள். "ரத்தத்துல என்ன இருக்கு, சளியில என்ன இருக்குன்னு தேடிக் கண்டுபிடிச்சு, சீட்டு எழுதிக் குடுக்கணும். அந்தச் சீட்டைக் கையில வாங்கறப்ப அவங்க மூஞ்சியைப் பாக்கக் கூடாதுன்னு குனிஞ்சுக்குவேன். ஏழாவது நாள் ஒண்ணாவது நல்லதாத் தேடலாம்னு இங்க வரேன். வேற ஒண்ணும் இல்லம்மா."

லூர்தம்மாள் அவளையே பார்த்தார். குடையை மடக்கினார். "அஞ்சு நிமிஷம்" என்றார்.

உட்கார ஓர் எட்டு வைத்தார். அந்த எட்டு, நாங்கள் இத்தனை மாதமாகக் கவனமாகத் தவிர்த்துவந்த குழியில் விழுந்தது. சத்தமே இல்லாமல், மரியாதையாக, லூர்தம்மாள் இடுப்பு வரை சேற்றுக்குள் இறங்கினார். வாயைத் திறந்தார். அதே நேரம், எங்களுக்கு இருபதடி தூரத்தில், தண்ணீருக்கு மேலே ஒரு பாம்பு தலையை நீட்டியது. நீளக் கழுத்து, ஊசி மூக்கு. அப்படியும் இப்படியும் பார்த்தது.

"பா..." என்று லூர்தம்மாள் ஆரம்பிப்பதற்குள் அக்கா அவர் வாயைப் பொத்திவிட்டாள். தன் வார்டனின் வாயைப் பொத்திய ஒரே ஹாஸ்டல்வாசி உலகத்திலேயே அவளாகத்தான் இருக்கும்.

பாம்பு மரத்தை நோக்கி நீந்திப் போனது. வாயில் ஒரு மீன். அதைத் தூக்கி எறிந்து பிடித்து விழுங்கியது. மரத்தில் தொற்றி ஏறியது. ஏறும்போதுதான் பாம்புக்குக் கீழே ஒரு பறவை இருப்பது தெரிந்தது. உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, இரண்டு இறக்கைகளையும் அகல விரித்தது. கறுப்பில் வெள்ளிச் சரிகை இழுத்த மாதிரி கோடு கோடாக இறகுகள். சாயங்கால வெயில் அதன் மேல் விழுந்தது. ஒரு நல்ல சட்டையை உதறிக் கொடியில் போட்டது போலத்தான், வேறெப்படியும் சொல்ல முடியாது.

அக்கா கையை எடுத்துவிட்டாள். லூர்தம்மாள் கத்தவில்லை. இடுப்பளவு சேற்றில் நின்றபடி எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அது இறக்கையை மடக்கிக்கொண்டு பறந்து போனது. அவர் பெருமூச்சு விட்டார்.

"ஒரு ஆம்பளையா இருந்திருந்தாலாவது ஃபாதர்கிட்ட பேசிக் கட்டி வச்சிருப்பேன்" என்றார். "இதுக்கு நான் என்னடி பண்ணட்டும்?"

கார்டும் அக்காவும் நானும் சேர்ந்து இழுத்ததில் லூர்தம்மாள் வெளியே வந்தார். ஒரு செருப்பு வரவில்லை.

ஹாஸ்டல் வாசலுக்கு வந்தபோது மணி ஏழரை. கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் டார்ச் அடித்து எங்கள் மூவரையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். மூவருமே கழுத்து வரை ஒரே நிறத்தில் இருந்தோம்.

"ஆறு மணிக்கு மேல யாரா இருந்தாலும் தொறக்கக் கூடாதுன்னு வார்டனம்மா ஆர்டருங்க."

"நான்தான்யா வார்டன்!"

"போன மாசமும் ஒருத்தி இப்படித்தான் சொன்னா" என்றார் வாட்ச்மேன்.

உள்ளேயிருந்து சமையல்காரம்மா வந்து அந்தக் குரலை அடையாளம் சொல்லும்வரை நாங்கள் தெருவில்தான் நின்றோம். மறுநாள் யாரும் பெட்டி கட்டவில்லை. நோட்டு மட்டும் அக்காவின் தலையணை மேல் திரும்பி வந்திருந்தது. அறிவிப்புப் பலகையில் ஒரு புது விதி ஏறியது: 'விடுதிக்குள் தலைப்பிரட்டை வளர்க்கக் கூடாது.' அதற்கப்புறம் லூர்தம்மாள் ஒருநாளும் ஆற்றுப் பக்கம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் ரிஜிஸ்தரில் எங்கள் பெயரை எழுதிக்கொண்டே, தலை தூக்காமல், "வந்தானா?" என்று கேட்பார். எங்களுக்கு மட்டும் ஏழு மணி வரைக்கும் கேட் திறந்திருந்தது.

நான் பிறகு கல்யாணம் செய்துகொண்டு காட்டூருக்குப் போனேன். அந்த மூன்று ஜாதகங்களில் ஒன்று இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். என் கணவருக்குத் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கல்யாணத்துக்கு அக்கா வந்து, பந்தியில் உட்கார்ந்து, மண்டபத்து விட்டத்தில் ஆந்தைக் கூடு இருப்பதைக் கண்டுபிடித்து, நாதஸ்வரக்காரரை மெதுவாக வாசிக்கச் சொன்னாள். அடுத்த வருஷமே திருச்சி வேலையை விட்டுவிட்டு வேதாரண்யம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். சம்பளம் குறைவு, தண்ணீர் உப்பு, ஏன் போகிறாய் என்று எல்லோரும் கேட்டோம். "காத்து நல்லாருக்கும்" என்றாள். கடிதம் போடுவாள் என்று காத்திருந்தேன். ஒரு போஸ்ட்கார்டு கூட வரவில்லை.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒருநாள் அதே தில்லைநகர் ஆபீசில் எனக்கு வெளியூரிலிருந்து ஒரு டிரங்க் கால் வந்தது. டிரங்க் கால் என்றாலே சாவுச் செய்தி என்று இருந்த காலம். ஆபீஸ் முழுக்க எழுந்து நின்றது. மேனேஜர் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். ரிசீவரை எடுத்தேன். கரகரவென்று இரைச்சல், அதற்குள்ளிருந்து அக்கா.

"ஏய், கேக்குதா? பூநாரை! ஆயிரக்கணக்குல வந்திருக்குடி! உப்புத் தண்ணி முழுக்க ரோஸ் கலர். எல்லாம் ஒண்ணா நடக்குதுங்க, ஒண்ணாத் திரும்புதுங்க. யாருகிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. ஒன்னைத் தவிர யாருகிட்டச் சொல்றது, சொல்லு?"

நான் எப்படி இருக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருப்பதை நான் சொல்லவும் இல்லை. அவள் சொல்லச் சொல்ல, ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கால் பாதியில் அறுந்துவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். மேனேஜர் பதறிப்போய்த் தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

"யாரும்மா போன்ல? வீட்ல ஏதாவது...?"

"ஒண்ணும் இல்ல சார். எல்லாரும் நல்லா இருக்காங்க. எங்க அக்காதான் பேசினாங்க" என்றேன்.

எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள்.